கண்ணுக்குத் தெரியாத வாயுவும் கண்ணுக்குத் தெரியும் குழாயும்

(கடலோரத் தொழிலாளர் கல்வி வகுப்பொன்றில் படகு எஞ்சின் மெக்கானிக் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த வகுப்புக்கு ஆலைத் தோழர்கள் வந்திருக்கிறீர்கள். வயலில் பாடுபடும் தோழர்கள் வந்திருக்கிறீர்கள். விடியுமுன் படகேற வேண்டிய மீனவத் தோழர்களும் தூக்கத்தை விட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "படகு எஞ்சின் புகையைப் பற்றிக் கேட்க எங்களை ஏன் அழைத்தார்கள்?" என்று ஆலைத் தோழரும் விவசாயத் தோழரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அறுவடை முடிந்து வயலில் வேலை ஓய்ந்ததும் நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? ஆலையில் ஆட்குறைப்பு என்றதும் எங்கே போகிறார்கள்? கடற்கரையை அடுத்த ஊர்களில் பலர் துறைமுகத்துக்குத்தான் போகிறார்கள். கடலையே அறியாதவன் கூலிக்குப் படகேறுகிறான். அது மட்டுமல்ல. படகில் இருப்பது போன்ற எஞ்சின்தான் ஆலையின் ஜெனரேட்டர் கொட்டகையிலும் உறுமுகிறது. வயலில் தண்ணீரும் இறைக்கிறது. படகில் மனிதனை வீழ்த்தும் வாயு அங்கேயும் வீழ்த்தும். ஆகவே இது நம் எல்லோருடைய விஷயம்.

என் குற்றத்தை முதலில் சொல்கிறேன்

நான் இருபது வருஷத்துக்கு மேல் படகு எஞ்சின் பழுது பார்த்தவன். பிறருக்குப் புத்தி சொல்லுமுன் என் தவறைச் சொல்வதுதான் முறை.

ஒரு விசைப்படகில் பெரிய டீசல் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே, விளக்கு எரிப்பதற்காக ஒரு சிறிய மண்ணெண்ணெய் ஜெனரேட்டரை வைத்திருந்தார்கள். அதன் புகைக் குழாய் இணைப்பு ஓரிடத்தில் அரித்து ஓட்டை விழுந்திருந்தது. "புதுக் குழாய் போட வேண்டும், ஒரு நாள் படகு நிற்கட்டும்" என்றேன். படகு முதலாளி சொன்னார்: "மீன் படுகிற நேரம். ஒரு நாள் நின்றால் யார் கொடுப்பது? எதையாவது சுற்றி விடப்பா." நானும் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். "திரும்பி வரும் வரை தாங்கும்" என்று என் வாயாலேயே சொன்னேன். எஞ்சின் தொந்தரவு கொடுத்ததால் அந்தப் பயணத்தில் நானும் போனேன்.

கூட வந்தவர்களில் ஒரு பையன். பதினெட்டு வயது. விவசாயக் கூலியின் மகன். அவனுக்கு அதுதான் முதல் பயணம். இரவு மழை பிடித்துக்கொண்டது. கதவையும் ஜன்னலையும் அடைத்தோம். நடு இரவில் பையன், "அண்ணே, தலை வெடிக்கிற மாதிரி இருக்கு" என்றான். வாந்தியும் எடுத்தான். நாங்கள் சிரித்தோம். "கடல் ஒத்துக்கொள்ளலே தம்பி, உள்ளே போய்ப் படு, சரியாப் போயிடும்" என்று அனுப்பினோம். அவன் படுத்த இடம் எஞ்சின் அறைக்கு நேர் மேலே.

ஒரு மணி நேரம் கழித்து வயதான தொழிலாளி ஒருவர் தார்ப்பாய் எடுக்க உள்ளே போனார். பையனைக் காலால் தட்டினார்; அசைவில்லை. அவருக்கே கால் தள்ளாடியது. கூச்சல் போட்டார். பையனை மழையில் வெளியே இழுத்துப் போட்டோம். மழைக் காற்று முகத்தில் அடிக்க, வெகு நேரம் கழித்துத்தான் முனகினான். எனக்கும் அன்று தலை கனத்தது. தூக்கம் கெட்டதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரைக்கு வந்ததும் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இவன் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் ஓடிற்றா?" அந்தக் கேள்வி என் நெஞ்சில் விழுந்தது. தகரமும் கம்பியும் நான் சுற்றியவை அல்லவா?

தோழர்களே, பையன் பிழைத்துக்கொண்டான். செத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? மாரடைப்பு என்று எழுதியிருப்பார்கள். தள்ளாடிக் கடலில் விழுந்திருந்தால், தவறி விழுந்து மூழ்கினான் என்று எழுதியிருப்பார்கள். "குடித்திருப்பான்" என்று ஒரு சொல்லும் சேர்த்திருப்பார்கள். அந்தக் குழாயைப் பற்றி ஒரு வரியும் வந்திருக்காது.

அந்த வாயு எது?

பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், விறகு, கரி எல்லாவற்றிலும் கார்பன் இருக்கிறது. காற்று தாராளமாகக் கிடைத்து முழுதாக எரிந்தால் அது கரியமில வாயுவாகிறது. காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்ஸைட் பிறக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. கண்ணைக் கரிப்பதும் மூக்கில் ஏறுவதும் புகையில் உள்ள வேறு சரக்குகள். எனவே புகை நாற்றம் அடித்தால் இந்த வாயுவும் இருக்கலாம் என்று உஷாராக வேண்டும். நாற்றம் இல்லை என்பதற்காக வாயு இல்லை என்று நம்பக் கூடாது.

நம் ரத்தத்தின் சிவப்பு அணுக்களில் ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. அது மூட்டை தூக்கும் தொழிலாளி மாதிரி. நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு மூளைக்கும் இதயத்துக்கும் கொண்டு போய் இறக்கும். கார்பன் மோனாக்ஸைட் வந்தால், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அதன் தோளில் உட்கார்ந்துகொள்ளும். எளிதில் இறங்காது. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், மூச்சும் ஓடும், ஆனால் மூளை பட்டினி கிடக்கும். முதலில் தலைவலி, பிறகு தலைச்சுற்று, வாந்தி, கை கால் தளர்ச்சி, புத்தித் தடுமாற்றம், கடைசியில் மயக்கம். கடல் ஒத்துக்கொள்ளாதவனுக்கும் இப்படித்தான் தொடங்கும். அதனால்தான் நாங்கள் ஏமாந்தோம். வெளியே காற்றில் நிறுத்த வேண்டியவனை விஷத்துக்குள் படுக்க வைத்தோம்.

பத்து லட்சம் பங்கு காற்றில் இந்த வாயு 200 பங்கு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வரும். 800 பங்கு இருந்தால் முக்கால் மணி நேரத்தில் வாந்தியும் தலைச்சுற்றும். இரண்டு மூன்று மணி நேரத்தில் சாவு. 12,800 பங்கு இருந்தால் ஒன்று முதல் மூன்று நிமிஷத்தில் சாவு. பெட்ரோல் எஞ்சின் விடும் புகையிலோ நூற்றுக்கு ஒரு பங்கும் அதற்கு மேலும் இருக்கலாம். நூற்றுக்கு ஒன்று என்றால் பத்து லட்சத்துக்கு 10,000!

டீசல் எஞ்சின் காற்றை அதிகமாக இழுத்து எரிப்பதால் அதில் இந்த வாயு குறைவு. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் பாரம் மிஞ்சினால், நாஸில் கெட்டால், காற்று ஃபில்டர் அடைத்தால் டீசலும் கறுப்பாகப் புகைக்கும், வாயுவும் கூடும். மேலும் டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012-இல் தீர்மானமாக அறிவித்தது. ஆகவே டீசல்தானே என்று அலட்சியமாக இருப்பதற்கில்லை.

இந்த அறிவு யார் கொடுத்த விலையில் வந்தது தெரியுமா? சுரங்கத் தொழிலாளிகளின் உயிர் விலையில் வந்தது. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்கள் வெடித்தபோது, செத்தவர்களில் பெரும்பாலோர் வெடியில் சாகவில்லை, வெடிக்குப் பின் பரவிய இந்த வாயுவில்தான் செத்தார்கள் என்பதை ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1896-இல் எடுத்துக்காட்டினார். அவர் இந்த வாயுவைத் தாமே சுவாசித்துப் பரீட்சை செய்தவர். மனிதனுக்கு முன்பே மயங்கிவிடும் சிறு பறவைகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் யோசனையும் அவருடையதுதான். பிரிட்டிஷ் சுரங்கங்களில் அந்தப் பறவைகள் 1986 வரை வேலை செய்தன. அதன் பிறகு கருவிகள் வந்தன. நம் படகில் பறவையும் இல்லை; கருவியும் இல்லை.

கடலில் காற்றுக்கா பஞ்சம்?

இப்படித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பஞ்சம் இல்லைதான். ஆனால் தொழிலாளி படுப்பது கடல் வெளியில் அல்ல. எஞ்சினுக்கு மேலே அடைத்த பெட்டி போன்ற அறையில். அதிர்வில் போல்ட்டு தளரும். உப்புத் தண்ணீரில் இரும்புக் குழாய் அரிக்கும். சூட்டில் ரப்பர் குழாய் வெடிக்கும். எஞ்சின் அறையில் கசிந்த புகை பலகை இடுக்கு வழியாக மேலே வரும்.

இன்னொன்று. மண் ரோட்டில் ஓடும் பஸ்ஸைப் பாருங்கள். புழுதி பின்னால் கிளம்புகிறது. ஆனால் பின் ஜன்னல் வழியாக உள்ளேதான் வந்து விழுகிறது. ஓடுகிற வண்டி தன் முதுகுக்குப் பின்னால் காற்றை இழுக்கிறது. படகும் அப்படியே. முன் ஜன்னலை அடைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தால், அமரத்தில் விட்ட புகை திரும்பி அறைக்குள் வரும். காற்று பின்னாலிருந்து வீசும்போது மெதுவாக ஓடினாலும் இதே கதிதான். துறைமுகத்தில் படகுகளை ஒட்டிக் கட்டியிருக்கும்போது, பக்கத்துப் படகின் குழாய் நம் ஜன்னலுக்கு நேராக ஊதும். நம் எஞ்சின் நின்றிருந்தாலும் அபாயம் நிற்பதில்லை.

சில படகுகளில் புகையோடு கடல் தண்ணீரைக் கலந்து வெளியே விடுகிறார்கள். சூடு தணியும், கரி கழுவப்படும், நாற்றமும் குறையும். ஆனால் கார்பன் மோனாக்ஸைட் தண்ணீரில் மிகச் சொற்பமாகத்தான் கரையும். விஷம் அப்படியே வெளிவரும்.

பணக்கார நாட்டிலும் இதே குழாய்தான்

நம் ஊரில் பணம் இல்லை, அதனால் இப்படி என்று சிலர் சொல்லக் கூடும். அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். அரிஸோனா, யூட்டா மாகாணங்களின் எல்லையில் பவல் ஏரி என்ற அணைக்கட்டு ஏரி இருக்கிறது. அதில் வசதி படைத்தவர்களின் வீட்டுப் படகுகள் மிதக்கின்றன. குளிர்சாதனத்துக்காகப் பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடும். அதன் புகை பின்பக்க மேடைக்கு அடியில், தண்ணீர் மட்டத்தில் விடப்பட்டது. பார்வைக்கு அழகு, மேலே இருப்பவர்களுக்குச் சத்தமும் குறைவு. 2000 ஆகஸ்டில், 8 வயதும் 11 வயதும் ஆன இரண்டு சகோதரர்கள் அந்த மேடைக்கு அடியில் நீந்தினார்கள். சில நிமிஷங்களில் இருவரும் மாண்டார்கள்.

சர்க்காரின் தொழில் சுகாதார ஆராய்ச்சியாளர்கள் வந்து அளந்தார்கள். உடனே உயிருக்கு ஆபத்து என்று அவர்கள் வகுத்திருந்த அளவு 1,200 பங்கு. மேடைக்கு அடியில் அதைப் பல மடங்கு தாண்டியிருந்தது. பழைய கணக்குகளைப் புரட்டினார்கள். 1990 முதல் 2000 வரை அந்த ஒரே ஏரியில் 111 பேர் இந்த வாயுவால் தாக்குண்டிருந்தார்கள். அவர்களில் 74 பேர் வீட்டுப் படகுகளில். அந்த 74-இல் 7 பேர் செத்திருந்தார்கள். பத்து வருஷம் யாரும் குழாயைப் பார்க்கவில்லை!

தீர்வு என்ன பெரிய தீர்வு? குழாயைத் தண்ணீர் மட்டத்தில் விடாமல் மேல்தளத்துக்கு மேலே உயர்த்திப் பார்த்தார்கள். ஆட்கள் இருக்கும் இடத்தில் விஷம் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2001-இல் அந்நாட்டுக் கடலோரக் காவல் படை, இப்படிப்பட்ட படகுகளைத் திருத்தித் தரும்படி அவற்றைச் செய்த கம்பெனிகளைப் பணித்தது.

இங்கிலாந்தில் விண்டர்மியர் ஏரியில் 2013 ஏப்ரல் 1-ந் தேதி ஒரு தாயும் மகளும் படகு அறையில் செத்தார்கள். எஞ்சின் அறையில் ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர். அதன் சைலன்சரைக் கழற்றிவிட்டுக் கையால் செய்த குழாயை மாட்டியிருந்தார்கள். இணைப்பு கழன்றது, புகை அறையை நிறைத்தது. இந்த வாயுவைக் கண்டு மணியடிக்கும் கருவி படகில் இருந்தது. அதற்கு மின் இணைப்பு கொடுக்கப்படவில்லை. இதைப் படித்தபோது நான் சுற்றிய தகரம்தான் என் கண்முன் வந்தது.

படகேறும் தோழர் செய்ய வேண்டியவை

முதலாவது, புறப்படுமுன் குழாயைப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இணைப்புகளைக் கையால் தடவிப் பாருங்கள். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அங்கே கசிவு இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, ஜெனரேட்டரை ஒருபோதும் அறைக்குள்ளும் எஞ்சின் அறையிலும் ஓட்டாதீர்கள். அது திறந்த தளத்தில், காற்று கொண்டுபோகும் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது எஞ்சினுக்கு மேலுள்ள அறையை முழுதும் அடைத்துத் தூங்காதீர்கள். முன் ஜன்னல் திறந்திருந்தால் காற்று முன்னிருந்து பின்னே போகும். மழையானாலும் ஒரு விரற்கடையாவது திறந்து வையுங்கள். அறைக்குள் கரி அடுப்பும் வேண்டாம்.

நான்காவது, புதிய ஆள் தலைவலி, வாந்தி என்றால் அவனை உள்ளே அனுப்பாதீர்கள். வெளியே காற்றில் உட்கார வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலை வலித்தால் சந்தேகமே வேண்டாம். எஞ்சினை நிறுத்துங்கள்.

ஐந்தாவது, வெளியே எஞ்சின் மாட்டிய ஃபைபர் படகில் ஓட்டுபவர் பக்கத்திலேயே புகை வரும். நின்ற இடத்தில் எஞ்சினை ஓட விட்டு அதன் அருகில் தலை சாய்க்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது யாரும் பின்பக்கத்தைப் பிடித்துத் தண்ணீரில் மிதக்கவும் கூடாது.

விவசாயத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் கீழே போய்விட்டது என்று பம்பு எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். கிணறும் அடைத்த அறைதான். ஓட்டிய கிணற்றில் எஞ்சினை நிறுத்த என்று இறங்கியவன் ஏறுவதில்லை. அவனைத் தூக்க இறங்கியவனும் ஏறுவதில்லை.

ஒருவன் விழுந்துவிட்டால்

அன்புதான் இங்கே இரண்டாவது ஆளைக் கொல்கிறது. விழுந்தவனைக் கண்டதும் நேரே பாயாதீர்கள். எஞ்சினை நிறுத்துங்கள், கதவு, ஜன்னல், மூடி அனைத்தையும் திறந்து காற்றை விடுங்கள். பிறகு இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆட்களை நிறுத்திக்கொண்டு விரைவாக இழுத்து வாருங்கள். மீன் கிடங்கில் ஒருவன் விழுந்தாலும் இதே ஒழுங்குதான்; அங்கே அழுகிய மீனின் விஷ வாயு இருக்கும், காற்றும் கெட்டிருக்கும். மூச்சு நின்றிருந்தால் மார்பை அழுத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள்.

தெளிந்துவிட்டான் என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வெறுங்காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் ஏறிய வாயுவில் பாதி நீங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் சுத்தமான பிராணவாயு கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதி நீங்கும். ஞாபக மறதியும் தடுமாற்றமும் சில வாரங்கள் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு. டாக்டரிடம், "எஞ்சின் புகையில் கிடந்தான்" என்று முதலில் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தச் சாதாரணக் கருவி இங்கே ஏமாற்றும். அதற்குப் பிராணவாயு ஏறிய ரத்தமும் இந்த வாயு ஏறிய ரத்தமும் ஒன்றாகத் தெரியும். செத்துக்கொண்டிருப்பவனுக்கும் அது நல்ல எண்ணையே காட்டும். ரத்தத்தை எடுத்துத் தனியாகச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

நாம் கேட்க வேண்டியவை

தோழர்களே, ஜாக்கிரதை மட்டும் போதாது. குழாயை எங்கே வைப்பது, எப்போது மாற்றுவது என்பதைத் தீர்மானிப்பவன் அந்த அறையில் தூங்குபவன் அல்ல. டீசல் செலவைக் கழித்த பிறகுதான் தொழிலாளிக்குப் பங்கு. குழாயோ படகுச் செலவு. அதனால் அது அடுத்த பயணத்துக்கு, அதற்கும் அடுத்த பயணத்துக்கு என்று தள்ளிப் போகிறது. தள்ளிப்போகும் ஒவ்வொரு பயணத்திலும் பந்தயமாக வைக்கப்படுவது நம் பிள்ளையின் மூச்சு.

ஆகவே சங்கத்தின் கோரிக்கைகளில் இவையும் ஏற வேண்டும். ஒவ்வொரு விசைப்படகிலும் புகைக் குழாய் அறைக் கூரைக்கு மேல் உயர்ந்து வெளிவர வேண்டும். எஞ்சின் அறைக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவே கசியாத தடுப்பு வேண்டும். படுக்கும் அறையில் இந்த வாயுவுக்கு மணியடிக்கும் கருவி இருக்க வேண்டும். அது வேலை செய்கிறதா என்று பயணத்துக்கு முன் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பயணத்துக்கு ஏற்றும் டீசலின் விலைக்கு முன் அதன் விலை தூசு. படகுப் பரிசோதனை என்றால் குழாயையும் பார்க்க வேண்டும். படகில் ஒருவன் காரணம் தெரியாமல் இறந்தால், மூழ்கி இறந்தாலும் கூட, ரத்தத்தில் இந்த வாயு இருந்ததா என்று சோதிக்க வேண்டும். அந்தச் சோதனை இல்லாவிட்டால் பழி செத்தவன் மேல். நஷ்டஈடு கேட்கும் விதவையின் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

என்னைப் போன்ற மெக்கானிக் தோழர்களுக்கும் சொல்கிறேன். "எதையாவது சுற்றி விடப்பா" என்று ஒருவர் சொல்லும்போது நம் கையில்தான் ஸ்பானர் இருக்கிறது. தனியாக மறுத்தால் அடுத்த மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். துறைமுகத்து மெக்கானிக்குகள் எல்லோரும் சேர்ந்து மறுத்தால் யாரைக் கூப்பிடுவார்கள்? அன்று நான் தனியாக இருந்தேன், பணிந்தேன். இன்று சங்கத்தில் இருக்கிறேன். ஓட்டைக் குழாயில் தகரம் சுற்றுவதை விட்டுப் பல வருஷமாகிறது.

அந்தப் பையன் இப்போது வயல் வேலைக்கே திரும்பிவிட்டான். போன அறுவடையில் அவனைப் பார்த்தேன். "கடல் எனக்கு ஒத்துக்கலே அண்ணே" என்று இன்னமும் சொல்கிறான். "கடல் இல்லே தம்பி, நான் சுற்றிய குழாய்" என்றேன். அவன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இதை மத்தவங்ககிட்டேயும் சொல்லுங்க" என்றான். அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நாளை விடியற்காலம் படகேறும் தோழர்கள், ஏறியதும் முதல் வேலையாக அந்தக் குழாயைப் பாருங்கள். ஓட்டை இருந்தால் படகை அவிழ்க்காதீர்கள். உங்களோடு நாங்களும் நிற்போம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!